ராணியின் கை கழன்ற ரிகர்சல்

“...பொய்யின்னு சொல்லித்தானக்கா கூட்டிட்டுப் போனீங்க? அப்பம் அங்கன சனம் தட்டுன கை மட்டும் எப்பிடி நெசமாச்சு?”

சனிக்கிழமை காலை. ஷட்டரை முழுதாகத் தூக்கிக்கூட முடிக்கவில்லை. பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, தையல் மிஷினுக்கு எதிரே நின்று இப்படிக் கேட்டவன் காசி. தென்காசியில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். என் கடைக்கு அடுத்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் உலகம்மாளின் புருஷன். பேச்சின் முதல் பாதியை வரும் வழியிலேயே பேசித் தீர்த்துவிட்டு, மிச்சத்தை மட்டும் என்னிடம் கொண்டு வந்திருந்தான்.

அவன் சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தான். அமுக்கினான். மறுபடி பையில் போட்டான்.

“அம்மா” என்றான். அம்மா இருப்பது அச்சன்புதூரில். விடிந்ததிலிருந்து இது நாலாவது தடவையாம்.

“ரிகர்சல்னா என்ன அர்த்தம்க்கா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. நாளைக்கி உலகுவ நாடகத்துக்கு விடணுமா வேண்டாமாங்கது அதுலதான் இருக்கு.”

நாற்பது வருஷமாக ப்ளவுஸ் தைக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. என்னிடம் வந்து ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டவன் இவன் ஒருத்தன்தான். அதுவும் எந்த வார்த்தைக்கு? அதே வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, முந்தின நாள் சாயங்காலம்தான் ஒரு ராணியின் மானத்தை மேடையில் வைத்து வாங்கிவிட்டு வந்திருந்தேன்.

வசனத்துக்கு நடுவே புள்ளிகள்

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் டிராயிங் சார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. நாடகம் எழுதிவிட்டார்.

ஓர் அருவி யாருக்குச் சொந்தம் என்று இரண்டு ராஜாக்கள் சண்டைக்கு நிற்கிறார்கள். ராணி நடுவில் புகுந்து போரை நிறுத்துகிறாள். கதை அவ்வளவுதான். அருவி வருகிறது என்கிற ஒரே காரணத்துக்காக, குற்றாலத்தில் சீசன் விழாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு ராஜாக்களும் ஒரே நாளில் கிடைத்துவிட்டார்கள். ராஜாவாக இருக்க எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராணிதான் கிடைக்கவில்லை.

வசனத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தார் சார். எடுத்துக் கொடுத்த உலகம்மாள் சும்மா இருக்கவில்லை.

“என்ன சார், ராணி பேச்சுக்கு நடுவுல இம்புட்டுப் புள்ளி வச்சிருக்கீங்க? மூச்சு வாங்குதாளா, இல்ல மறந்து போயிட்டாளா?”

“அது உணர்ச்சிம்மா.”

“உணர்ச்சியா? உணர்ச்சி இருக்கவ எதுக்கு சார் நிறுத்தி நிறுத்திப் பேசுதா?” என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைப் புள்ளியே இல்லாமல் ஒரே மூச்சில் படித்துக் காட்டினாள். ஜெராக்ஸ் மிஷின் நின்றுபோயிருந்தது. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திருநெல்வேலியில இருந்து ஒரு ஆக்ட்ரஸ் வருதா தாயி. அவ வாரது வரைக்கும், ஒத்திகைக்கு மட்டும், அவ எடத்துல நின்னு நீ வசனத்தப் படிக்கியா?”

உலகம்மாள் வீட்டில் போய்க் கேட்டாள். காசியும் பெரிய மனசு பண்ணினான். “ஒத்திகைன்னா போ. நாலு செவத்துக்குள்ளதான. மேடைன்னு மட்டும் பேச்செடுக்காத. அம்மா அங்கன தண்ணிகூட குடிக்க மாட்டா.”

ரெண்டு மாசம் ஒத்திகை நடந்தது. திருநெல்வேலி ஆக்ட்ரஸ் வந்துகொண்டே இருந்தாள். இன்றைக்கு வருகிறாள், அடுத்த வாரம் வருகிறாள், அவளுக்குக் காய்ச்சல், அவள் பெரியம்மா மகனுக்குக் கல்யாணம். ராணிக்கு வெல்வெட்டில் முழுக்கை வைத்த சட்டை தைக்கச் சொல்லி சார் என்னிடம் வந்தபோது, அளவுக்கு அந்தப் பெண்ணை எப்போது கூட்டி வருவீர்கள் என்று கேட்டேன்.

“எந்தப் பொண்ண?”

“அந்த ஆக்ட்ரஸ, சார்.”

“அப்பிடி ஒருத்தி இருந்தா நான் எதுக்கு ஜெராக்ஸ் கடையில போயி நிக்கேன்? நீ உலகம்மாளுக்கு அளவெடு.”

“இது அவளுக்குத் தெரியுமா?”

“அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். காசிக்கு மட்டுந்தான் தெரியாது.”

அளவெடுக்க வந்து நின்ற உலகம்மாளோ, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அந்த ஆக்ட்ரஸும் என் சைஸ்தானாம்க்கா.”

முகத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டுமே. ராணிதான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாமி ஏறலன்னு தேருக்குத் தெரியுமா?

இந்த ஒத்திகை என்கிற சொல் இருக்கிறதே, அதை எங்கள் ஊரில் நாடகக்காரர்களைத் தவிர எல்லோரும் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள்.

ஒத்திகைக்கு இடம் தேடி சார் ஒரு வீட்டுக்காரரிடம் போனார். “ஒத்திகைக்கு எடம் வேணும்” என்றார். வீட்டைப் போக்கியத்துக்குக் கேட்பதாக நினைத்து அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “ஒத்திக்கெல்லாம் நாங்க விடுததில்ல அண்ணாச்சி, வாடகைதான்” என்று கதவைச் சாத்திவிட்டார். பிறகு ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு கிடைத்தது. வாசலில் ‘இன்று நாடக ஒத்திகை’ என்று உலகம்மாள் தாளில் அச்செடுத்து ஒட்டினாள். வந்த ராஜாக்களில் ஒருவர் அதை ‘ஒத்திவைப்பு’ என்று வாசித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். போர் அன்றைக்கு நிஜமாகவே ஒத்திப் போடப்பட்டது.

நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சுரத்தை விடாமல் ஊதுகிறவர் பிடிப்பது ஒத்து. சுளுக்குக்குத் துணியைச் சூடாக்கி வைத்தால் ஒத்தடம். இவையெல்லாம் ஒரே குடும்பமா, சும்மா ஒரே தெருவில் குடியிருக்கிறவையா என்று எனக்குத் தெரியாது. வாரா வாரம் பத்திரிகையில் இப்படி ஊர்ப் பேச்சை எழுதுகிறேன்; போன வாரம் ஒரு சொல்லுக்கு நானாக ஒரு மூலம் சொல்லப்போய், பண்பொழியிலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கம் எழுதித் திட்டியிருக்கிறார். இந்த வாரம் வாயை அடக்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லலாம். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வதற்கு ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சொல் உண்டு. தேரைப் பழுது பார்த்து முடித்தால், சாமியை ஏற்றாமல் வெறும் தேரை ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்கள். அது வெள்ளோட்டம். ஒரு தடவை வெள்ளோட்டம் பார்க்கப் போயிருந்தேன். சாமி இல்லாத தேருக்கும் சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “உள்ள சாமி இல்லையே, எதுக்குக் கும்பிடுதீய?” என்று வடம் பிடித்த ஒருவரிடம் கேட்டேன். “சாமி ஏறலன்னு தேருக்குத் தெரியுமா தாயி?” என்றார். நான் சேர்த்து வைத்திருக்கிற பேச்சுகளில் இதற்கு முதல் வரிசையில் இடம்.

கல்யாணச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். பந்திக்கு முன்னால் உள்ளங்கையில் ரெண்டு சொட்டுக் குழம்பை விட்டு நக்கிப் பார்ப்பார். ருசி எப்படி என்று கேட்டால் கோபம் வரும். “உப்புப் பாக்குத நாக்கு வேற, ருசி பாக்குத நாக்கு வேற.” அப்படி நாற்பது வருஷம் அவர் ருசியே பார்க்கவில்லையாம். அவர் வீட்டுக்காரி சொன்னாள், அது உண்மைதானாம். வீட்டுச் சாப்பாட்டிலும் அவருக்கு உப்பு மட்டும்தான் தெரியுமாம்.

எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ட்ரையல். துணியை வெட்டி, கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு, ஆளுக்கு மாட்டிப் பார்ப்போம். இங்கே பிடிக்கிறதா, அங்கே தொங்குகிறதா என்று பார்த்து, நூலை ஒரே இழுப்பில் உருவிவிட்டு, அப்புறம்தான் மிஷினில் கெட்டியாக ஓட்டுவோம். ஓட்டுத் தையலின் பெருமையே, இழுத்தால் வந்துவிடுவதுதான்.

கேட்டது ஒன்று, விளங்கியது ஒன்று

வியாழக்கிழமை சார் போன் பண்ணினார். “நாளைக்கி குற்றாலத்துல டிரஸ் ரிகர்சல். டிரஸ்ஸ எடுத்துட்டு வந்திரு.”

டிரஸ் ரிகர்சல். டிரஸ்ஸுக்கு ரிகர்சல். ஆகவே ட்ரையல். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ராணி சட்டையின் ரெண்டு கையையும் ஓட்டுத் தையலில் தோளோடு பிடித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சிவப்பு வெல்வெட், உள்ளே வெள்ளை மல் துணியில் லைனிங். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை எல்லோரையும் குற்றாலத்துக்கு ஏற்றிப் போனது காசியின் வேன். ரிகர்சல்தானே என்று அவனே மனசார ஓட்டி வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு, வெளியே சாரலாக இருந்ததால் விழா அரங்கத்தில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

அங்கே போன பிறகுதான் சார் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். “கிராண்ட் ரிகர்சல்னாலும் டிரஸ் ரிகர்சல்னாலும் ஒண்ணுதான். இது நாடகமேதான். ஆளு மட்டும் வர மாட்டாங்க. மத்ததெல்லாம் நெசம். வசனம் மறந்தாலும் சரி, கூரை இடிஞ்சு விழுந்தாலும் சரி, ஒருத்தரும் எடையில நிறுத்தக் கூடாது.”

“சார், அந்தக் கை ஓட்டுத் தையல்...” என்றேன். சார் மணியை அடித்துவிட்டார்.

ஆள் வர மாட்டார்கள் என்று சொன்னாரல்லவா? அன்றைக்கு அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குளிப்பதற்கென்று தலையிலும் உடம்பிலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த சனம், எங்கே போவது என்று தெரியாமல், சாரலுக்கு ஒதுங்கிக் கூட்டம் கூட்டமாக அரங்கத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தோளில் காய்ந்த துண்டு. மடியில் சிப்ஸ் பொட்டலம். நாற்காலி எல்லாம் எண்ணெய். போகச் சொல்ல சாருக்கு மனசு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கூட்டம் வந்திருக்கிறது.

ராஜாக்கள் கத்தினார்கள். சனம் சிப்ஸ் தின்றது. வாள்கள் உருவப்பட்டன. சனம் சிப்ஸ் தின்றது. அப்போது ராணி வந்தாள். நடு மேடையில் நின்று, வலது கையை ஓங்கித் தூக்கி, “நிறுத்துங்கள்!” என்றாள்.

படை நின்றது. என் தையல் நிற்கவில்லை. தோளிலிருந்து கை முழுசாகக் கழன்று, சர்ரென்று மணிக்கட்டுக்கு வந்து, யானைத் துதிக்கை மாதிரி தொங்கியது.

அரங்கம் கூரை பறக்கச் சிரித்தது. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று, என் மிஷின் மேல் சத்தியமாகச் செத்துப் பிழைத்தேன்.

உலகம்மாள் சிரிக்கவில்லை, நிறுத்தவுமில்லை. தொங்கிய கையைப் பார்த்தாள். உருவி எடுத்தாள். உள்பக்கத்தை வெளியே புரட்டினாள். சிவப்பு போய் வெள்ளை லைனிங் வந்தது. அதை நின்றிருந்த தளபதியின் மூஞ்சியில் வீசி எறிந்து, “சமாதானத்துக்கு வெள்ளைக் கொடி இல்லையென்றீர்களே, பிடியும்! இதைக் கட்டும் உம் கம்பத்தில்!” என்றாள்.

சார் எழுதிய நாடகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. தளபதியாக நின்ற மருந்துக்கடைக்காரர் நிஜமாகவே பயந்துபோய் அதை வாங்கி வாளில் கட்டினார். எண்ணெய்க் கைகள் தட்டிய தட்டு, வெளியே விழுந்த அருவிச் சத்தத்தை அமுக்கிவிட்டது. பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

முடிந்ததும் மன்னிப்புக் கேட்கலாம் என்று சாரிடம் போனேன். அவர் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஞாயித்துக்கெழமையும் அந்தக் கைய அப்பிடியே ஓட்டுத் தையல்ல விட்டுரு. கெட்டியாத் தச்சுராத.” நாற்பது வருஷம் கெட்டியாகத் தைத்ததற்கு ஒருத்தரும் என் கையைப் பிடித்ததில்லை.

உள்ளே உடை மாற்றும்போது உலகம்மாள் ஒரு கொக்கியைக்கூடக் கழற்றாமல் என் பக்கம் திரும்பினாள். “யக்கா,” என்றாள், “நாளக்கழிச்சு அந்தத் திருநெல்வேலிக்காரி வந்து நின்னான்னா, சத்தியமா அவளக் கொன்னுருவேன்.”

இல்லாத ஒருத்தியைக் கொல்கிற அளவுக்கு அவளுக்கு ஆசை வந்துவிட்டிருந்தது. அதைக் கேட்ட பிறகு எனக்குக் காசி உட்கார்ந்திருந்த கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கவே பயம்.

திரும்பி வரும்போது காசி ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். வேனில் ரெண்டு ராஜா, ஒரு தளபதி, ஒரு டிராயிங் சார். மெயின் ரோட்டுக்கு வருகிறவரை யாருக்கும் இருமக்கூட தைரியம் இல்லை.

கைதட்டுக்கும் உண்டு

சனிக்கிழமை காலையில் என் முன்னால் நின்று அவன் அர்த்தம் கேட்டது அதனால்தான்.

“தம்பி, டிரஸ்ஸுக்கு ட்ரையல்னு நெனச்சுக்கிட்டுப் போனவ நான். எங்கிட்ட போயி கேக்கியே? டிராயிங் சார்ட்ட கேளு.”

“கேட்டேன். அரை மணி நேரம் பேசுனாரு. அந்தத் திருநெல்வேலிக்காரி கிடையாதுங்கதத் தவிர ஒண்ணும் வெளங்கல.”

“உலகுட்ட கேட்டியா?”

“கேட்டேன். ‘அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோங்க’ன்னுட்டுக் குளிக்கப் போயிட்டா.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“யக்கா, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது. வீட்ல, ‘தண்ணி வருது, மோட்டாரப் போடுங்க’ன்னு சொல்லுவால்லா, அதே சத்தந்தான். புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா அங்கன நின்னு ‘நிறுத்துங்கள்’னு சொன்னா பாருங்க, கடைசி வரிசையில உக்காந்திருந்த எனக்குக் கால் தானா பிரேக்க மிதிச்சுட்டு. முன் சீட்டுக்காரன் திரும்பிப் பாத்து ஏசுதான்.”

“இதுக்கு மேல நான் என்னத்த அர்த்தம் சொல்ல?”

போன் ஐந்தாவது தடவை துடித்தது. காசி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து நின்றான். இந்தத் தடவை அமுக்கவில்லை, எடுத்தான். வேன் ஓட்டுகிறவர்களின் போனுக்குச் சன்னச் சத்தம் என்று ஒன்று கிடையாது. அவன் அம்மா என் கடைக்குள்ளேயே நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

“ஏலே காசி! உன் பொண்டாட்டி மேடையில நிக்காளாம்லே! பக்கத்து வீட்டுப் பிள்ள போன்ல காட்டுதா. ஒத்தக் கை இல்லாத சட்டையோட!”

“அது மேடை இல்லம்மா. ரிகர்சல்.”

“சனம் இருக்கேலே?”

“குளிக்க வந்த சனம்மா. அருவியில விடல.”

“கை தட்டுதாவளே?”

காசி ஒரு மூச்சு இழுத்தான். “கை தட்டுததுக்கும் ரிகர்சல் உண்டும்மா.”

அச்சன்புதூர் அதோடு விடவில்லை. “நாளைக்கி என்னமோ பெருசா இருக்குன்னு இந்தப் பிள்ள சொல்லுதாளே. அது என்னது?”

காசி என்னைப் பார்த்தான். நான் அவசரமாக ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தேன்.

“நாளைக்கா? அது கடைசி ரிகர்சல்மா.”

“அதோட முடிஞ்சிருமா?”

“முடிஞ்சிரும்.”

“என்னமும் செய்ங்க. அந்தத் தையக்காரிகிட்ட சொல்லி, கையையாவது ஒழுங்காத் தச்சுப் போடச் சொல்லு.”

போனை வைத்தான். ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய், வெயிலில் நின்றுகொண்டு இன்னொரு நம்பரைத் தேடிப் போட்டான். சீசன் ஞாயிற்றுக்கிழமை என்றால் வேன்காரனுக்கு அது அறுவடை நாள். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் அவன் வண்டியைச் சொல்லி வைத்திருந்த ஒரு மதுரைக் குடும்பம் அந்தப் பக்கம் பேசியது.

“சார், காசி பேசுதேன். நாளைக்கி வண்டி வராது சார், வேற வண்டி நானே சொல்லிவிடுதேன்... இல்ல இல்ல, வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கி என் வீட்டுக்காரி நாடகம்.”